மின்விசிறியைப் போடாதீர்கள்

அன்றைக்கு மண்டபத்துக்குள் கால் வைத்தவர்கள் மொத்தம் முப்பத்தேழு பேர். முதலிலேயே ஒவ்வொருவராகச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வரக்கூடாது. எங்கள் சங்கத்து ஆட்கள் நான்கு: டிராயிங் மாஸ்டர் தேவசகாயம், பல் டாக்டர் இந்திராணி, எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் தாவூத் பாய், நான். என் பெயர் வேலப்பன். புதியவர்கள் முப்பது. டாக்டரம்மாவின் நோயாளிகள் ஆறு, மாவுக்கடை கோகிலமும் அவருடைய மகளிர் குழுவும் சேர்த்துப் பதினொன்று, தாவூத் பாயின் சொந்தக்காரர்கள் ஏழு, மாஸ்டரிடம் எப்போதோ படித்து இப்போது நரைத்துப்போனவர்கள் ஐந்து, என் பங்குக்கு நான் கூட்டி வந்தது ஒன்று. ஆக முப்பத்து நான்கு. அப்புறம் வாட்ச்மேன், மண்டபத்துச் செயலாளர் நாட்ராயன், அவரோடு வந்த திருப்பூர் பனியன்காரர். முப்பத்தேழு.

பஸ் கிளம்பியதும் நீங்கள் கேட்டது இந்தப் பொட்டலத்தில் என்ன என்றுதான். தெரியும். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டால் அடுத்து "எதற்கு" என்பீர்கள். அதற்கு இதெல்லாம் தெரிய வேண்டும். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

இது பால்சா கட்டை. கோயம்புத்தூரில் ஒரே கடையில் கிடைக்கிறது. வேண்டுமானால் தூக்கிப் பாருங்கள். வேண்டாம், தூக்க வேண்டாம், நானே பிடித்துக்கொள்கிறேன். விரலால் அழுத்தினால் பதிந்துவிடும், அவ்வளவு மெது. இதைத் தீக்குச்சியைவிட மெல்லிசாகச் சீவி, ஒட்டி, மேலே பூண்டுத் தோல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, கீழே ஒரு ரப்பர் பட்டையை மாட்டி முறுக்கிவிட்டால் விமானம். எடை இரண்டு கிராமுக்குக் கீழே. மோட்டார் இல்லை, ரிமோட் இல்லை. கையை விட்டால் வட்டம் போட்டு மேலே ஏறும். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் சுற்றிவிட்டுத் தானாக இறங்கும். நாம் நடப்பதைவிட மெதுவாகத்தான் போகும்.

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் மூடிவிடுகிறீர்களா? காற்று நேராக இதன் மேல் அடிக்கிறது. நன்றி.

எங்கள் ஊர் உடுமலைப்பேட்டை. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள். ஆடி மாதம் துணி காயப்போட்டால் அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டும். அங்கே போய் இந்த விளையாட்டா என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். அதனால்தான் உள்ளே பறக்கவிடுகிறோம். கூரை உயரமாக இருக்க வேண்டும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்த வேண்டும். மின்விசிறி ஓடவே கூடாது. ஊரில் அப்படி இருக்கிற ஒரே இடம் கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா பூட்டிக் கிடக்கும். அந்த இரண்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணியிலிருந்து எங்களுக்கு விட்டிருந்தார்கள். பதினோரு வருடமாக.

நான் சர்க்கரை ஆலையில் எடைமேடை பார்த்தவன். முப்பத்தொரு வருடம். கரும்பு லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுக் காலியாகப் போகும்போது ஓர் எடை. கழித்தால் வருவது நிகரம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், ஆனால் இந்த ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரியும். வருகிறதைப் பார்த்து எதையும் எழுதக்கூடாது. போனபிறகுதான் எழுத வேண்டும். முப்பத்தொரு வருடம் என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. ஓய்வுபெற்ற மாதம் மாஸ்டர் என் உள்ளங்கையில் ஒரு விமானத்தை வைத்தார். வைத்ததே எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சங்கத்தில் சேர்ந்தவன்தான்.

சரி. இந்த வருடம் ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு செயலாளர் நாட்ராயன் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாஸ்டர், நாலு பேருக்கு எண்ணூறு பேர் மண்டபமுங்களா? திருப்பூர்ல இருந்து ஒருத்தர் வந்திருக்கறாரு. ஏற்றுமதி மிச்ச பனியன். ஆடி முச்சூடும் கடை போடறேங்கறாரு. மார்கழிக்கும் கேக்கறாரு. கமிட்டியில நான் என்னன்னு சொல்லட்டும்?"

"புதுசா ஆள் சேர்க்கறமுங்க," என்றார் மாஸ்டர்.

"எத்தன பேரு?"

மாஸ்டர் யோசிப்பதற்குள் தாவூத் பாய், "இருபத்தஞ்சுங்க," என்று சொல்லிவிட்டார். அவர் எப்போதுமே அப்படி. மோட்டார் நாளைக்கு ரெடி என்பார், நாலு நாள் ஆகும்.

"செரி. ரண்டாவது ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு வர்றேன். புது ஆளு இருபத்தஞ்சு இருந்தா மண்டபம் உங்குளுது. இல்லீன்னா பனியனுக்கு." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எண்ணிச் சொல்றது வேலப்பன். வேற யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

நாட்ராயன் கரும்பு விவசாயி. அவர் லோடு பத்தொன்பது வருடம் என் மேடையில் ஏறியிருக்கிறது. ஒரு கிலோ அவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, ஆலைக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அது அவருக்குத் தெரியும்.

மண்டபம் போனால் வேறு இடமே இல்லை. எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. அரிசிக் கிடங்கில் எலி என் ஏழாம் நம்பர் விமானத்தின் இறக்கையைத் தின்றுவிட்டது. மண்டபம் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று அர்த்தம்.

ஆகவே நோட்டீஸ் போட்டோம். மாஸ்டர் எழுதினார்: "வாருங்கள்! விமானம் பறக்கவிடலாம்! அனுமதி இலவசம்!" நான் அப்படியே விடவில்லை. படிக்கிறவன் ஏறி உட்காரலாம் என்று நினைத்துவிட்டால்? பொய் சொல்லிக் கூப்பிட்ட பாவம் நமக்கு வேண்டாம். கீழே சேர்த்தேன்: "இந்த விமானத்தில் ஏற முடியாது. தொட முடியாது. மின்விசிறி போடப்பட மாட்டாது. தும்மல், இருமல் உள்ளவர்கள் குணமான பிறகு வரவும்." இருநூறு அச்சடித்தோம். சுவரில் ஒட்டியது நூற்றெண்பத்தாறு. மறுநாள் காலை இருந்தது நாற்பத்திரண்டு. மீதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

முதல் ஞாயிறு வந்தவர்கள் ஏழு. வாசலில் நான் நின்றேன். எனக்குப் புது முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சம், அதனால் விதிகளைத் தாளில் எழுதிவைத்துப் படித்தேன். மொத்தம் பதினொரு விதி. உள்ளே ஓடக்கூடாது, கை வீசி நடக்கக்கூடாது, செல்போனை அணைக்க வேண்டும், கண்ணாடி வளையல் சத்தம் கூடாது, விமானம் மேலே இருக்கும்போது கதவைத் திறக்கக்கூடாது, அப்படி. நான்காவது விதிக்கு வரும்போது இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர், இதில் கேமரா இருக்கிறதா, தோட்டத்தில் திருடனைப் பார்க்கலாமா என்று கேட்டார். இல்லை என்றேன். போய்விட்டார். ஒருவர், ஏர்போர்ட் வேலைக்கு இது உதவுமா என்றார். உதவாது என்றேன். மீதி மூன்று பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். புழுக்கம் தாங்காமல் முக்கால் மணி நேரத்தில் அவர்களும் போனார்கள். வந்தது ஏழு, போனது ஏழு, நிகரம் சைபர்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, அடுத்த வாரம் நீங்க வாசல்ல நிக்க வேண்டாமுங்க. உள்ள உக்காந்து நேரம் குறிங்க."

என் முழங்கால் வலி அவருக்குத் தெரியும். நல்ல மனசு. "பரவால்லைங்க, நானே நிக்கறேன்," என்றேன். அவர் மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

சிரிக்காதீர்கள். கேளுங்கள்.

இரண்டாவது ஞாயிறுதான் நான் சொன்ன அந்த முப்பத்தேழு பேர். மற்ற மூவரும் ஓடியாடி ஆள் பிடித்திருந்தார்கள். டாக்டரம்மா செய்தது பெரிய வேலை. அவருடைய கிளினிக் மண்டபத்துக்கு எதிரில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பல் பிடுங்கியவர்களைப் பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்காரச் சொல்வார். "இங்க உக்காரறதுக்கு அங்க போயி உக்காருங்க," என்று ஆறு பேரை அனுப்பிவிட்டார். பதினோரு வருடத்தில் அப்படிப்பட்ட பார்வையாளர்களை நான் பார்த்ததில்லை. பேச்சு இல்லை, கேள்வி இல்லை, வாயைத் திறந்து மூச்சுகூட விடவில்லை. ஊரெல்லாம் அப்படி இருந்துவிட்டால் போதும்.

கோகிலம் அதற்கு நேர் எதிர். மகளிர் குழுக் கூட்டத்தை மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தாவூத் பாய் ஆசை காட்டிக் கூட்டி வந்திருந்தார். நான் விதிகளைப் படிக்கப் படிக்க அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, வளையல கழட்டோணும், போன அமத்தோணும், தும்மப்படாது. மூச்சு உடலாமுங்களா?"

"மெதுவா விடலாமுங்க."

"அடியே கேட்டீங்களா, மெதுவா உடலாமாம்! குடுத்து வெச்சவங்கடி நாம."

பத்தேகால் மணிக்கு என் ஒன்பதாம் நம்பரைத் தாவூத் பாய் முறுக்கினார். கைத்துளைப்பானின் முனையில் கொக்கி மாட்டிச் சுற்றுவார், ஆயிரத்து இருநூறு முறுக்கு. கையை விட்டேன். ஏறியது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். அந்த அழகை என்னவென்று சொல்ல. மணமேடைக்கு மேலே ஒரு வட்டம், சமையல்கட்டு வாசலுக்கு மேலே ஒரு வட்டம். சத்தமே கிடையாது.

அடுத்த முக்கால் மணி நேரத்தில் நடந்ததை அப்படியே என் நோட்டில் குறித்திருக்கிறேன். கோகிலத்தின் குழுவில் ஒரு அம்மா தும்மினார். முதல் தும்மலுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தும்மல் வருவதானால் வெளியே போய்த் தும்மலாம் என்று பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன். அவரும் அவர் தங்கையும் போனார்கள். இரண்டு. வளையலைக் கழற்ற மாட்டேன் என்று ஒருவர் போனார். மூன்று. தாவூத் பாயின் மாமா எங்கள் நோட்டீஸை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். அந்தக் காற்றில் விமானம் நாலு அடி நகர்ந்தது. கேட்டுக்கொண்டேன், எழுந்துவிட்டார். அவர் காரில் வந்தவர்கள் இன்னும் மூன்று பேர், அவர்களும் எழுந்தார்கள். ஏழு. மாஸ்டரின் பழைய மாணவர் ஒருவர் சந்தோஷத்தில் கைதட்டினார். கைதட்டல் என்பது இரண்டு உள்ளங்கையும் காற்றைத் தள்ளுவதுதானே? எடுத்துச் சொன்னேன். எட்டு. நான் கூட்டி வந்த காளியப்பன், ஆலையில் என்னோடு வேலை பார்த்தவன், தூங்கிக் குறட்டைவிட ஆரம்பித்தான். எழுப்பினேன். "ஏன்டா, நீ கூப்புட்டேன்னுதான வந்தேன்," என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான். ஒன்பது.

போகிறவர்களும் விதிப்படிதான் போக வேண்டும். இரண்டு விநாடிக்கு ஓர் அடி, சுவரை ஒட்டி. ஒன்பது பேரும் அப்படியே போனார்கள், கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி. கோகிலம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பொள்ளாச்சியா? இறங்குகிறவர்கள் இறங்கட்டும். நீங்கள் உடுமலைதானே? நல்லது.

சரியாகப் பதினோரு மணிக்குச் செயலாளர் கதவைத் திறந்தார். அப்போது ஒன்பதாம் நம்பர் நான்காவது முறையாக மேலே இருந்தது. என் வாழ்க்கையில் நான் யாரையும் சத்தம் போட்டதில்லை. "கதவு!" என்று கத்திவிட்டேன். செயலாளர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி அப்படியே நின்றார். பின்னால் பனியன்காரர், கையில் அளவு டேப்போடு. நல்லவேளை, விமானம் ஒரு சாய்வு சாய்ந்து மணமேடை சோபாவில் போய் இறங்கியது. நான்கு நிமிடம் முப்பத்தாறு விநாடி.

செயலாளர் உள்ளே வந்து மணமேடை சோபாவுக்குப் பக்கத்தில் நின்றார். "வேலப்பா, எத்தன பேருப்பா?"

மண்டபமே என்னைப் பார்த்தது. டாக்டரம்மா செயலாளருக்குப் பின்னால் நின்று மூன்று விரலைக் காட்டி, பிறகு கையை வட்டமாக்கிக் காட்டினார். முப்பது என்கிறார். தாவூத் பாய் உதட்டை அசைத்தார், "முப்பதுங்க, முப்பதுங்க." வந்தது முப்பதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் லாரி வந்ததை வைத்து யாராவது எடைச் சீட்டு கிழிப்பார்களா?

"வந்தது முப்பதுங்க. போனது ஒம்போது. நிகரம் இருபத்தொண்ணு," என்றேன்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பனியன்காரர் டேப்பை இழுத்துச் சுவரை அளக்க ஆரம்பித்தார்.

கோகிலம்தான் எழுந்து நின்றார். "ஏனுங்க செயலாளரே, அந்த ஒம்போது பேரு ஏன் போனாங்கன்னு இந்தண்ணங்கிட்டயே கேளுங்க. நோட்டுல எழுதி வெச்சிருக்கறாரு."

எனக்குப் பரிந்து பேசுகிறார் என்று புரிந்தது. நோட்டை எடுத்து ஒன்பது பேர் போன காரணத்தையும் தேதி, நேரத்தோடு படித்தேன். தும்மல், பத்து இருபத்தொன்று. வளையல், பத்து இருபத்தாறு. விசிறி, பத்து முப்பத்து மூன்று. செயலாளர் கேட்டுக்கொண்டே வந்தவர், குறட்டைக்கு வரும்போது தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன்.

"அடப்பாவி வேலப்பா," என்றார். "நீயே தொரத்தியுட்டுட்டு நீயே கழிச்சுக்கறயா? செரி, என்ன பண்றது. கணக்குன்னா கணக்கு. இருபத்தொண்ணு பத்தாது. மண்டபம் பனியனுக்கு." சொல்லிக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார்.

சோபாவில் இருந்த ஒன்பதாம் நம்பர் துண்டின் காற்றில் எழுந்து, தூணில் மோதிக் கீழே விழுந்தது. இடது இறக்கை இரண்டாக மடிந்துவிட்டது.

நானூற்றுப் பதினேழு முறை பறந்த விமானம் அது. பஞ்சு கடித்தவர்களில் ஒருவர், போஸ்ட்மேன், "ஐயோ" என்று கத்தினார். பஞ்சு வெளியே வந்து விழுந்தது.

செயலாளருக்கு முகம் செத்துப்போய்விட்டது. "நான் பாக்கலீங்க மாஸ்டர். வேணும்னு பண்ணலீங்க. என்ன ஆகுமோ சொல்லுங்க, குடுத்தர்றேன்."

"காசெல்லாம் வேண்டாமுங்க," என்றார் மாஸ்டர். "உக்காருங்க. ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க."

"நானா? இந்தக் கையிலயா?"

அவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? கரும்பு வெட்டிய கை, ஒவ்வொரு விரலும் வாழைக்காய் மாதிரி. டாக்டரம்மா தன் பல் இடுக்கியைக் கொடுத்தார். முதல் தடவை பசை அதிகம். இரண்டாவது தடவை இறக்கை அவர் விரலோடு ஒட்டிக்கொண்டது. பனியன்காரர் வந்து, "ஏனுங்க, மெயின் சுவிட்சு எங்கிருக்குதுங்க?" என்றார். "சித்த இருய்யா, மூச்சு உடாத," என்று சீறினார் செயலாளர். நாற்பது நிமிடம் தலை நிமிரவில்லை. போயிருக்க வேண்டிய கோகிலம் குழு சுற்றி நின்று, "அக்கட்ட புடிங்க, இக்கட்ட அமுத்துங்க," என்று சொல்லிக்கொடுத்தது. ஒட்டி முடித்து, அவர் கையாலேயே முறுக்கச் சொன்னார் தாவூத் பாய். அவர் கையாலேயே விட்டார். இரண்டு நிமிடம் பதினொரு விநாடி. கோணிக்கொண்டுதான் பறந்தது. செயலாளர் அதன் கீழேயே வட்டமாக நடந்தார், தலையைத் தூக்கியபடி, இரண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டுக்கொண்டு.

அது இறங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டினார். "பனியன்காரரே, நீங்க கீழ டைனிங் ஹால்ல கடை போட்டுக்கங்க. மேல மண்டபம் இவங்குளுக்குத்தான். மார்கழிக்கும் சேத்து. ஆனா மாஸ்டர், ரண்டு கண்டிசனு. வேலப்பன் வாசல்ல நிக்கப்படாது. மேடையில அந்த மாப்பிள்ளை சேர்ல உக்காந்து நேரம் பாக்கட்டும். இன்னொண்ணு, தொடப்படாதுங்கற அந்த விதிய எடுத்துப்போடுங்க."

ஏன் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? நான் பொய் சொல்லாமல் இருபத்தொன்று என்றேன் இல்லையா, அதற்குத்தான். முப்பது என்று சொல்லியிருந்தால் அப்போதே போயிருக்கும். மாப்பிள்ளை சேர் கொடுத்ததும் அந்த மரியாதையில்தான். எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, சிவப்பு வெல்வெட். ஆனாலும் முழங்காலுக்கு நல்லது.

இரண்டாவது கண்டிஷனில்தான் எனக்கு வருத்தம். மூன்றாம் ஞாயிறு வாசலில் யாருமே நிற்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்தார்கள். சங்கத்து விமானங்களில் ஆடி பிறக்கும்போது பறக்கிற நிலையில் இருந்தவை பதினான்கும் நான் கட்டியவைதான். மற்றவர்கள் கட்டுவதைவிட உடைப்பதுதான் அதிகம். கோகிலம் ஒன்றை எடுத்தார், தோசையைத் திருப்புகிற மாதிரி இறக்கையைப் பிடித்து. அது போயிற்று. போஸ்ட்மேன் ஒன்று. அன்றைக்கு மொத்தம் நான்கு. உடைத்தவர் ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மாஸ்டர் சட்டம் போட்டுவிட்டார். ஒட்டினால் ஒரு ஞாயிற்றில் முடிகிறதா? காய வேண்டும், எடை பார்க்க வேண்டும், கோணலை எடுக்க வேண்டும். அடுத்த வாரமும் வருகிறார்கள். கோகிலம் பசையைக் கரைக்கிற பதம் டாக்டரம்மாவுக்கே வராது, அதையும் சொல்ல வேண்டும். மாவுக்கடைக் கை. நான்காம் ஞாயிறு இன்னும் ஆறு உடைந்தது. ஆக, செயலாளர் உடைத்ததையும் சேர்த்துப் பதினொன்று.

ஒட்டியது பறக்கிறதே என்பீர்கள். பறக்கிறது. ஆனால் பசையின் எடை கூடிவிடுகிறது. அது வேறு விமானம். நான் அதைப் பழைய கணக்கில் சேர்ப்பதில்லை.

சங்கத்தில் நிலையாக வருகிறவர்கள் இப்போது எத்தனை என்று நேற்று மாஸ்டர் கேட்டார். நோட்டைப் பார்த்தேன். எங்கள் நான்கு பேரைத் தவிர, புதிதாகப் பதினொன்று. உடைந்ததும் பதினொன்று, நின்றதும் பதினொன்று. மாஸ்டர் அந்தப் பக்கத்தைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார். தற்செயலாக இரண்டு எண் ஒன்றாக வந்தால் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால், ஒன்றுகூட உடையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் பலர் நின்றிருப்பார்கள்.

அந்தக் கட்டையைப் பார்த்து, பார்த்து. உங்கள் முழங்கை படுகிறது.

இன்று காலை டாக்டரம்மா போன் செய்தார். "அண்ணா, ஞாயித்துக்கெழம புதுசா நாலு பேரு வர்றாங்க. உங்க வீட்டுல இருக்கற விமானப் பெட்டியையும் எடுத்துட்டு வந்துருங்க." எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்படியே நேராகக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஒன்று கட்டி முடிக்க எனக்கு இருபத்தாறு நாள் ஆகும். இன்றைக்கு வியாழக்கிழமை. வரப்போகிறவர்கள் நான்கு. பெட்டியில் முழுதாக மீதி இருப்பது மூன்று.